மாடி வீட்டு நீலப் பாம்பு

மாடியைக் கட்டும்போது அதை வாடகைக்கு விடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. என் கணவருக்கு மணியாச்சி ஜங்ஷனில் சிக்னல் பிரிவில் வேலை, ஷிப்ட் முறை. எனக்குக் கோவில்பட்டியிலேயே அரசு அலுவலகத்தில் வேலை. எட்டாவது படிக்கிற மகள் பள்ளி விட்டு வந்தால் நாங்கள் வரும்வரை தனியாகத்தான் இருப்பாள். மேலே ஒரு குடும்பம் இருந்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று நினைத்துத்தான் ஆள் தேடினோம்.

வந்தவன் விளாத்திகுளத்துப் பக்கம் ஒரு கிராமத்துப் பையன். தீப்பெட்டிகளுக்கு ஒட்டும் லேபிள்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிற வேலை, வீட்டில் இருந்தபடியே. மனைவிக்குக் கடம்பூர். கையில் ஆறு மாதக் குழந்தை. முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டான். எனக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அவன் அப்படிக் கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது.

அவன் மேல் தெருவே பிரியமாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைப்பான். மோட்டார் ஓடாவிட்டால் பார்ப்பான். மழை பெய்த ஒரு நாள் எதிர் வீட்டுச் சாக்கடையில் சாரைப் பாம்பு ஒன்று வந்து எல்லாரும் கம்பைத் தேடியபோது, அவன் வெறுங்கையால் அதைப் பிடித்து, ஒரு சாக்குப் பைக்குள் விட்டு, ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். "அது பாவம்க்கா, எலியத் தேடி வந்திருக்கு" என்றான். கொல்லத் தெரிந்த எங்களுக்கு நடுவில் கொல்லாமல் அனுப்பத் தெரிந்த ஒருவன் இருக்கிறான் என்று அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மாடியில் அவனுக்கு மீன் தொட்டிகள் இருந்தன. என் மகள் சாயங்காலம் மேலே போனால் மீன்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். பின்பக்க அறை மட்டும் எப்போதும் பூட்டியிருக்கும். ஏசி விடாமல் ஓடும். கேட்டதற்கு, "கம்ப்யூட்டர் சூடாயிருதுக்கா, பாப்பா கைய வச்சிட்டா வேலையெல்லாம் போயிரும்" என்றான். நியாயமாகத்தான் பட்டது. ஒருமுறை மகள் இறங்கி வந்து, "மாமா வெள்ளை எலி வளக்காவம்மா, குட்டி குட்டியா அழகா இருக்கு" என்றாள். அடுத்த வாரம் எலிகளைக் காணோம் என்றாள். சிநேகிதர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாக அவன் சொன்னானாம். அதையும் நம்பினோம். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை.

போன கோடையில் ஒரு நாள் காலையில் அவன் மனைவி பையும் குழந்தையுமாக இறங்கி வந்தாள். கடம்பூருக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். "கட்டில் கால்ல கரையான் புடிச்சிருக்காம்க்கா. மருந்தடிச்சா அந்த வாடை பிள்ளைக்கு ஆகாதுன்னு சொல்லுதாவ. ஒரு வாரம் இருந்துட்டு வாரேன்" என்றாள். நான் குழந்தையை வாங்கிக் கொஞ்சிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன்.

அன்றிலிருந்து அவன் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தைச் சுத்தம் செய்யத் தொடங்கினான். நான் கேட்கவே இல்லை. கிடந்த பழைய ஓடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி அடுக்கினான். தென்னை மட்டைகளை இழுத்து வெளியே போட்டான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தான். "என்னடா தம்பி தேடுத" என்று கேட்டதற்கு, "குப்பையா கிடக்குல்லாக்கா, பூரான் அடையும்" என்றான். பிறகு என் மகளைக் கூப்பிட்டு, "பாப்பா, கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வெளையாட வராத. பெரிய பூரான் ஒண்ணப் பாத்தேன்" என்றான். அன்று மத்தியானம் வைத்திருந்த புளிக்குழம்பில் அவனுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்து, தனியாக இருக்கிறானே என்று அப்பளமும் பொரித்துக் கொடுத்தேன். உட்கார்ந்து சாப்பிட்டான். நன்றாக இருக்கிறது என்று சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை. கணவர் டூட்டியில் இருந்தார். தாளிக்கக் கறிவேப்பிலை இல்லையென்று பின்பக்கம் போனேன். எங்கள் கறிவேப்பிலை மரம் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல். கிளை நடுவில் நீல நைலான் கயிற்றுத் துண்டு ஒன்று சுற்றிக்கொண்டு கிடந்தது. துணி காயப்போடும் கொடிக்கு நாங்கள் கட்டியிருந்த கயிறும் அதே நீலம்தான். காற்றில் அறுந்து வந்து மாட்டியிருக்கிறது என்று நினைத்து, அதை உருவுவதற்குக் கையை நீட்டினேன்.

கயிறு என் ஆள்காட்டி விரலைக் கடித்தது. கடித்துவிட்டு மறுபடி சுருண்டு, அசையாமல் இருந்தது. தலை முக்கோணமாக இருந்ததைப் பார்த்தேன். கண் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருந்தது. அப்புறம் எனக்குக் கத்தத்தான் தெரிந்தது.

அவன் படியில் தடதடவென்று இறங்கி ஓடி வந்தான். வந்தவன் என் கையைப் பார்க்கவில்லை. "எங்கனக்கா இருக்கு? எங்கிட்டுப் போச்சு?" என்றுதான் கேட்டான். நான் மரத்தைக் காட்டினேன். அதற்குள் அங்கே ஒன்றும் இல்லை. இலைகளை விலக்கி விலக்கிப் பார்த்தான். நான் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு என் நினைவு வந்தது போலிருந்தது.

மகளை எதிர் வீட்டில் விட்டுவிட்டு, என்னைத் தன் பைக்கில் ஏற்றினான். அவனை மாதிரி அன்றைக்கு யாரும் வண்டி ஓட்டியிருக்க முடியாது. வேகத்தடைகளில் மெதுவாக ஏற்றி இறக்கினான். "கைய ஆட்டாதீங்கக்கா, கீழ தொங்கவிட்டுக்கோங்க, பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். விரலில் நெருப்பை வைத்து ஊதுவதுபோல் வலி. அவன் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டேன். கடவுள் இந்த நேரத்துக்கென்றே இவனை எங்கள் மாடியில் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். உடனே படுக்கவைத்து, கடிவாயைப் பார்த்துவிட்டு, "என்ன பாம்பு, பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"நீலமா இருந்துச்சு டாக்டர். கயிறு மாதிரி நல்ல நீலம்."

"நீலமா?" அவர் நர்ஸைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்து, "நீங்க பாத்தீங்களா?" என்றார்.

அவன் என் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தான். "இல்ல மேடம். நான் மாடியில இருந்தேன். சத்தம் கேட்டுத்தான் வந்தேன்" என்றான்.

டாக்டர் என் தோளைத் தட்டி, "பயத்துல நிறம் மாறித் தெரியும்மா. இந்தப் பக்கம் சுருட்டைதான் அதிகம். மருந்து இருக்கு, கவலைப்படாதீங்க" என்றார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. கரிசல் காட்டில் பருத்தி எடுக்கப் போகிறவர்களையும் மிளகாய் பறிக்கப் போகிறவர்களையும் கடிப்பது சுருட்டை விரியன்தான். எங்கள் ஊர்ப் பாம்புகளுக்கு மருந்து எங்கள் ஊரிலேயே இருக்கிறது. என் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து அசைக்காமல் வைத்துப் பார்த்தார்கள். உறையவில்லை. விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள்.

மருந்து ஏற ஏற எனக்கு உடம்பெல்லாம் தடித்தது. மூச்சு இழுத்தது. அதற்கு ஓர் ஊசி போட்டார்கள். கை முழங்கை வரை வீங்கி, பிறகு அதற்கு மேலும் ஏறியது. விரல் கருநீலமாகிவிட்டது. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அப்போதும் உறையவில்லை. துப்பினால் ஈறிலிருந்து சிவப்பாக வந்தது. இன்னும் மருந்து ஏற்றினார்கள். இத்தனை நேரமும் அவன் அங்கேயேதான் நின்றான். எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடினான். நடுவில் ஓரமாகப் போய் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். நர்ஸ் ஒருத்தர், "உங்க கூடப்பிறந்த தம்பியா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

என் கணவர் மணியாச்சியிலிருந்து வந்து சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. டாக்டரிடம் பேசிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அந்த நேரம் அவர் போனுக்குக் கடம்பூரிலிருந்து அழைப்பு. அவன் மனைவிதான். எதிர் வீட்டுக்காரர்கள் யாரோ அவளிடம் எனக்குப் பாம்பு கடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள்.

"ஆமாம்மா, கையிலதான். மருந்து கேக்க மாட்டேங்குதுன்னு சொல்லுதாங்க" என்று என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். "என்ன பாம்புன்னு தெரியல. இவ நீலமா இருந்துச்சுங்கா."

அவர் இரண்டு முறை ஹலோ என்றார். பிறகு அவர் முகம் மாறியதை நான் படுத்தபடியே பார்த்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டார். அவள் அழுதுகொண்டே பேசினாள்.

"அண்ணாச்சி, அது எங்க வீட்டுப் பாம்பு. அவிய அந்த ரூம்ல வச்சிருந்தது. வெளிநாட்டுப் பாம்பு அண்ணாச்சி. வெளிய போயிருச்சுன்னு எங்கிட்டயும் சொல்லல. டாக்டர்ட்ட சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்க."

என் கணவர் திரும்பி அவனைப் பார்த்தார். அவன் அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டான். டாக்டர் வந்து குனிந்து கேட்டபோது அந்தப் பாம்பின் ஆங்கிலப் பெயரைச் சொன்னான். தயங்காமல், எழுத்துக்கூட்டிச் சொன்னான். இந்தோனேசியத் தீவுகளில் மரத்தில் வாழ்கிற விரியனாம். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எங்கே கடித்தால் என்ன ஆகும் என்பது உட்பட.

டாக்டர் திருநெல்வேலிக்குப் போன் போட்டார். எனக்கு ஏற்றிக்கொண்டிருந்த மருந்தை நிறுத்தச் சொன்னார்கள். அந்த விஷத்துக்கான மருந்து நம் நாட்டில் தயாராவதில்லை என்று என் கணவரிடம் சொன்னதை நானும் கேட்டேன். என்னை ஆம்புலன்சில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ரத்தத்தை உறையவைக்கும் சத்துள்ள பிளாஸ்மாவை ஏற்றி ஏற்றி, என் உடம்பு தானாக விஷத்தைக் கடக்கும்வரை காத்திருந்தார்கள். வேறு வழி இல்லை. விரலில் செத்துப்போன சதையை வெட்டி எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டேன். வலது ஆள்காட்டி விரல் மட்டும் இப்போது மடங்காது. கம்ப்யூட்டரில் நடுவிரலால் தட்டப் பழகிவிட்டேன்.

நான் அங்கே கிடந்தபோது தீயணைப்புக்காரர்கள் வந்து, எங்கள் குளியலறை ஜன்னலின் மேல் சட்டத்தில் அந்தப் பாம்பு சுருண்டிருந்ததைப் பிடித்தார்களாம். என் மகள் தினமும் குளிக்கிற இடம். வனத்துறைக்காரர்கள் பூட்டிய அறையைத் திறந்தார்கள். கண்ணாடிப் பெட்டிகளில் இன்னும் இரண்டு பாம்புகள், உள்ளங்கை அளவுக் கருந்தேள்கள் சில. எல்லாம் போன் வழியாகப் பேசி வாங்கியவை. ஆம்னி பஸ்ஸில் துணிப் பார்சல் என்று வந்தவையாம். அதில் ஒரு பார்சலை அவன் இல்லாதபோது நான்தான் வாங்கி வைத்தேன் என்பது எனக்கு அப்புறம் ஞாபகம் வந்தது. அட்டைப் பெட்டியைக் கூடத்தில், மகளின் புத்தகப் பைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

அவனைக் கைதுசெய்து ஜாமீனில் விட்டார்கள். நான் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்றான். என் கணவர் உள்ளே விட மாட்டேன் என்றார். நான்தான் வரட்டும் என்றேன். எனக்கு அவனிடம் கேட்க வேண்டியிருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். கட்டுப்போட்டிருந்த என் கையைப் பார்க்கவில்லை.

"கரையான்னு சொல்லி ஒம் பொண்டாட்டி பிள்ளைய அனுப்பிட்ட. எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவீங்கன்னு பயந்துட்டேன்க்கா. எப்படியும் புடிச்சிரலாம்னு நெனச்சேன். அது ரொம்ப நகராது. ஒரே எடத்துல இருக்கும்."

"எம் பிள்ள இங்கன ஓடி ஆடிக்கிட்டிருந்தா."

"பாப்பாவ அந்தப் பக்கம் போகாதன்னு சொன்னேன்லாக்கா."

"சரி. ஆஸ்பத்திரியில சொல்லிருக்கலாம்ல. பக்கத்துலதான நின்ன. அந்த டாக்டர் ஒம் முகத்தப் பாத்துத்தான கேட்டா."

"வெளிய போலீஸ் நின்னுக்கிட்டிருந்தாங்கக்கா" என்றான். குரலை இன்னும் தாழ்த்தி, "நான் போன்ல தேடிப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இது கடிச்சா பெரும்பாலும் சாக மாட்டாங்கன்னு போட்டிருந்துச்சு" என்றான்.

பெரும்பாலும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தபோது ஓரமாகப் போய் அவன் போனைப் பார்த்தது இதற்காகத்தான். நான் சாகமாட்டேன் என்று அவன் நிச்சயமாக நம்பியிருந்தால்கூட என்னால் கொஞ்சம் மன்னித்திருக்க முடியும். சாகலாம் என்பதும் தெரிந்துதான், அந்த இடைவெளியில் என்னை விட்டுவிட்டு, எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயில் ஊற்றியிருக்கிறான். வண்டியில் வரும்போது நான் சாய்ந்துகொண்டு வந்த முதுகு அது.

"போயிட்டு வா" என்று பழக்கத்தில் வாய்க்கு வந்துவிட்டது. பிறகு திருத்திக்கொண்டு, "போ" என்றேன்.

அதன் பிறகு தெருவில் பலரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். சின்னப் பையன், கைக்குழந்தைக்காரன், உயிர் போகவில்லையே, எதற்குக் கேஸும் கோர்ட்டும் என்றார்கள். எங்கேயோ வெளியூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்தார். அவரும் இப்படி வெளிநாட்டு உயிரினங்கள் வளர்க்கிறவராம். மரியாதையாகத்தான் பேசினார். "ஒருத்தர் கவனக்குறைவா இருந்ததுக்கு எல்லாருக்கும் தடை போட்டுடுவாங்க மேடம். நாங்கல்லாம் அதுங்கள குழந்தை மாதிரி வளக்கிறோம். பேட்டி எதுவும் குடுக்காதீங்க" என்றார்.

நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். "நீங்க வளக்கிறது உங்க பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத் தெரியுமா?"

அவர் பாம்பைப் பற்றி மக்களுக்குத் தவறான பயம் இருக்கிறது என்று ஏதோ சொல்லிக்கொண்டே போனார். நான் போனை வைத்துவிட்டேன்.

எனக்குப் பாம்பின் மேல் கோபம் இல்லை. அது தன் காட்டில் ஒரு கிளையில் இருந்திருக்க வேண்டியது. எங்கள் ஊர் வெயிலில், கறிவேப்பிலை மரத்தில் வந்து அது என்ன செய்யும், கையை நீட்டினால் கடிக்கத்தான் செய்யும். இப்படி வெளிநாட்டிலிருந்து வந்தவற்றை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று விதி இருப்பதாக வனத்துறை அதிகாரி சொன்னார். பதிவு செய்யாதவர்களை இப்படி யாரையாவது கடித்த பிறகுதான் கண்டுபிடிக்க முடிகிறது என்றும் சொன்னார். விஷமுள்ளதை வீட்டில் வைக்கவே கூடாது என்று சட்டம் கொண்டுவரலாமா என்று பேச்சு வந்தால் ஆளுக்கொரு நியாயம் சொல்கிறார்களாம். எனக்கு அவ்வளவு தூரம் தெரியாது. பக்கத்து ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாத ஒரு விஷத்தை, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிடம் சொல்லாமல், ஒருவர் பூட்டிவைத்துக்கொள்ள முடியக் கூடாது. அவரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஆனாலும் அவர் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாமல் அந்த அலுவலகத்திலிருந்து திரும்பி வந்துவிட்டேன். அவன் மனைவியை நினைத்துத்தான். அவள் போன் செய்திராவிட்டால் நான் இல்லை. அந்தக் குழந்தையின் அப்பாவை நான் எப்படி உள்ளே அனுப்புவது?

மாடியைக் காலி செய்ய அவள்தான் தன் அண்ணனோடு வந்தாள். சாமான்கள் இறங்கும்வரை கீழே என்னோடு உட்கார்ந்திருந்தாள். என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அந்த ரூமப் பத்தி எனக்குத் தெரியும்க்கா" என்றாள். "இங்க குடிவந்தப்பவே காட்டுனாவ. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு பிள்ள தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாவ. ஒங்க வீட்ல சாப்பிட்டுக்கிட்டு ஒங்கள்ட்ட மறச்சேன். நானும் அவியளும் ஒண்ணுதான்."

"நீ சொன்னதாலதான் நான் இருக்கேன்."

"அது கடைசியிலதானக்கா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க எழுதிக் குடுங்க. எனக்காகப் பாக்காதீங்க. எங்கிட்டயும் கரையான்னுதான சொன்னாவ. ஒரு வாரத்துல நான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்திருப்பேன்லா. அதுக்குள்ள புடிக்கலன்னா என்ன செஞ்சிருப்பாவன்னு கேட்டேன். எப்படியும் புடிச்சிருப்பேன்னுதான் சொல்லுதாவக்கா."

மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டேன். இடது கையால்தான் போட முடிந்தது. கேஸ் நடக்கிறது. வாய்தா வாய்தாவாகப் போகிறது. அவன் இப்போது சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறான் என்று கேள்விப்பட்டேன். அவள் கடம்பூரில் அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

போன மாதம் போன் செய்தாள். குழந்தை நடக்கிறதாம், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறதாம். கொஞ்ச நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். பிறகு, அவன் வந்து கூப்பிடுவதாகச் சொன்னாள். சிவகாசியில் வீடு பார்த்துவிட்டானாம். இனி எந்த உயிரையும் வளர்க்க மாட்டேன் என்று கோயிலில் வைத்துச் சொல்கிறானாம்.

"நம்பிப் போலாமாக்கா?" என்று கேட்டாள்.

யாரிடமாவது கேட்டாக வேண்டும் என்று என்னிடம் கேட்கிறாள். அவளுக்கு நான் நல்லதாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "எனக்குத் தெரியலம்மா" என்றேன்.